குடாவை மறந்தோம், கழியையும் இழந்தோம்

மேற்கு ரயில்பாதையில் மாகிமுக்கும் பாந்திராவுக்கும் இடையே வண்டி ஒரு நீர்ப்பரப்பைக் கடந்து செல்கிறது. அவ்விடம் வந்ததும் பெட்டியில் இருப்போர் பலர் கைக்குட்டையை மூக்கருகே கொண்டு செல்வர். பேச்சு சிறிது நேரம் நிற்கும். பாலம் கடந்தபின் மீண்டும் தொடரும். அண்மையில் ஒரு ஞாயிறன்று அவ்வழியே திரும்பிக்கொண்டிருந்தபோது என் மகள் அந்நீரைச் சுட்டி, "அப்பா, இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று கேட்டாள். நான் சற்றும் தயங்காமல் "சாக்கடை" என்றேன். அவள் விடவில்லை. "காலையில் போனபோது வெறும் சேறாக இருந்தது, இப்போது தண்ணீர் நிறைந்திருக்கிறது. சாக்கடையில் கடல் ஏறுமா அப்பா?" என்றாள்.

அவ்வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. தமிழ் படித்தவன், சங்கத்து விழாக்களில் முன்வரிசையில் அமர்பவன், 'நெய்தல் திணை' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் தலையசைப்பவன், நாள்தோறும் கடக்கும் நீரின் பெயரை அறியாது நாற்றத்தைக் கொண்டு அதற்குப் பெயரிட்டேன். இக்கட்டுரை அந்த வெட்கத்தில் பிறந்தது. ஆயினும் இக்குற்றம் எனக்கு மட்டுமே உரியதன்று. கடல் நிலத்துக்குள் புகும் இடங்களுக்கு நம் முன்னோர் வைத்துச் சென்ற சொற்களை நாம் ஒவ்வொன்றாய்க் கைவிட்டோம். சொல்லைக் கைவிட்டதோடு நில்லாமல் அச்சொல் குறித்த பொருளையும் கைவிட்டோம். இதுவே நான் இங்கே நிறுவ விழைவது.

குடா என்பது யாது?

'குட' என்பது வளைவைக் குறிக்கும் அடி. குடம், குடை, குடல், குடலை, குடங்கை ஆகிய சொற்களை நோக்குக. இவை அனைத்திலும் வளைந்து உட்குழிதல் என்னும் கருத்து உறைந்திருப்பது வெளிப்படை. கரடியின் வளைந்த அடியைத் திருமுருகாற்றுப்படை 'குடாவடி' என்று குறிக்கிறது. ஆதலின், குடா என்னும் சொல் முதற்கண் வளைவைக் குறித்து, பின்னர் நிலம் வளைந்து இடங்கொடுக்கக் கடல் உட்புகுந்து நிற்கும் இடத்தைக் குறித்தது என்க. உள்ளங்கையைக் குவித்து நீரேந்தினால் அது குடங்கை. கரை தன் கையைக் குவித்துக் கடலை ஏந்தினால் அது குடா. இதனினும் எளிய விளக்கம் வேண்டுவதில்லை.

பிற மொழியினரும் இவ்வாறே கண்டனர். ஆங்கிலத்தில் வாயகன்று ஆழமின்றி வளைந்த கரையைக் குறிக்கும் 'பைட்' என்ற சொல்லுக்குப் பழம்பொருள் வளைவு என்பதே. 'கல்ஃப்' என்பதன் மூலமாகிய கிரேக்கச் சொல்லுக்கு மார்பு, மடி என்று பொருள். இலத்தீனியர் 'சைனஸ்' என்ற ஒரே சொல்லால் ஆடையின் மடிப்பையும் கடலின் மடிப்பையும் குறித்தனர். வளைவைக் கண்ட கண் ஒன்றே. வாய்கள் தாம் வேறு. ஆதலால் இத்துறையில் தமிழ் எவரிடமும் கடன்பட வேண்டிய நிலையில் இல்லை.

இச்சொல் ஏட்டில் உறங்கும் சொல்லும் அன்று. ஈழத்தின் கிழக்குக் கரையில் மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடா, கல்குடா என இரண்டு ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. திருகோணமலையை ஒட்டிக் கொட்டியாரக் குடா இருக்கிறது. தெற்கே அறுகங்குடா இருக்கிறது. இப்பெயர்களைக் கடலோடு வாழ்ந்த மக்கள் தம் வாயால் வைத்தனர். சொல்லாக்கக் குழு எதுவும் கூடி வைக்கவில்லை. பாசி படர்ந்த குடா பாசிக்குடா. விரியும் இல்லை, வளையும் இல்லை. குடா என்றாலே போதுமானதாயிருந்தது. தீபகற்பம் என்று நாம் வடமொழி வழியில் எழுதுகையில், யாழ்ப்பாணத்தார் தம் நிலத்தைக் குடாநாடு என்று இன்றளவும் வழங்கி வருகின்றனர். நாம் பாடநூலில் தேடும் சொல் அவர்கள் நாவில் நாள்தோறும் புழங்குகிறது.

விரிகுடாவும் வளைகுடாவும்

பின் எங்கிருந்து வந்தன விரிகுடாவும் வளைகுடாவும்? ஆங்கில நிலநூலில் 'பே' என்றும் 'கல்ஃப்' என்றும் இரண்டு சொற்கள் இருந்தமையால், தமிழிலும் இரண்டு இருந்தே ஆகவேண்டும் என்ற எண்ணத்தால் பாடநூல்களில் நிலைபெற்றவை இவை. 'பே' விரிகுடா ஆயிற்று; 'கல்ஃப்' வளைகுடா ஆயிற்று. வங்காள விரிகுடா, மன்னார் வளைகுடா என்று நாமும் மனப்பாடம் செய்தோம். அவை நிலைத்துவிட்ட பெயர்கள். அவற்றை மாற்றுமாறு நான் கேட்கவில்லை. வழக்கில் வேரூன்றிய பெயரைப் பிடுங்குவது அறிவுடைமை ஆகாது.

ஆயின் அவ்விரண்டையும் வைத்து நாம் செய்யும் மயக்கத்தைச் சொல்லாமல் இருத்தல் இயலாது. குடா என்றாலே வளைவு. அதன்முன் 'வளை' என்பதைச் சேர்த்தால் வளைந்த வளைவு என்றாகும். 'நடுமையம்' என்பது போன்ற மிகைச்சொல் அது. போகட்டும், மக்கள் வழக்கில் மிகையும் உண்டு. 'பே' சிறியது, 'கல்ஃப்' பெரியது என்று சிலர் வகுப்பறையில் விளக்கம் தருகின்றனரே, அது எவ்வாறு பொருந்தும்? உலகிலேயே மிகப் பெரிய குடா வங்காள விரிகுடா. அதன் பரப்பு 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. வட அமெரிக்காவின் ஹட்சன் குடாவோ 12 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவினது. அதுவும் ஆங்கிலத்தில் 'பே' தான். நம்மவர் பிழைப்புக்குச் செல்லும் பாரசீக வளைகுடா இரண்டரை லட்சம் சதுர கிலோமீட்டர் அளவே உள்ளது, அது 'கல்ஃப்'. ஆங்கிலேயரின் மாலுமிகள் வந்த இடத்தில் வாய்க்கு வந்தவாறு வைத்த பெயர்களை இலக்கணம் என்று நம்பி, நம் மொழியில் அதற்கு ஈடாக இரண்டு பெட்டிகள் செய்து வைத்தோம்.

கடல் எல்லையை வகுத்த சட்ட அறிஞர்கள் இக்குழப்பத்தில் வீழவில்லை. 1982-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை குடாவுக்கு ஓர் அளவு வகுத்துள்ளது. கரையின் வெறும் நெளிவு குடா ஆகாது. வாயின் குறுக்கே ஒரு கோடிழுத்து, அக்கோட்டை விட்டமாகக் கொண்ட அரைவட்டத்தை வரைந்தால், உள்ளே புகுந்த நீரின் பரப்பு அந்த அரைவட்டத்துக்குச் சமமாகவோ மிகையாகவோ இருத்தல் வேண்டும். அதன் வாய் 24 கடல் மைலுக்கு மேற்படாதாயின் கோட்டுக்கு உட்பட்ட நீர் முழுவதையும் கரைநாடு தன் உள்நாட்டு நீராகக் கொள்ளலாம். பெயர் 'பே' ஆயினும் 'கல்ஃப்' ஆயினும் சட்டத்துக்கு ஒன்றே. வரலாற்றுரிமை உடைய குடாக்களுக்கு இவ்வளவு பொருந்தாது என்ற விலக்கும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் 1974-இல் செய்துகொண்ட எல்லை ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்ற தொடர் இருக்கிறது. பாக் விரிகுடாவில் வலை வீசும் மீனவனின் வாழ்வு அந்தத் தொடரின் பொருளைப் பற்றி நிற்கிறது. குடாவா, திறந்த கடலா என்பது புலவர் பொழுதுபோக்காகப் பேசும் வினா அன்று. நாடுகள் வழக்காடும் வினா. அவ்வாறிருக்க, நம் இதழ்களோ பாக் நீரிணையையும் அதன் தெற்கேயுள்ள பாக் விரிகுடாவையும் இன்னும் பிரித்தறியாமல் இரண்டையும் 'பாக் ஜலசந்தி' என்றே எழுதிவருகின்றன.

வளைகுடா என்ற சொல்லுக்கு மும்பையில் வேறொரு கதியும் நேர்ந்தது. 1970களிலும் 1980களிலும் நெல்லையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் எத்தனையோ இளைஞர் இந்நகர் வழியாக அரபு நாடுகளுக்குச் சென்றனர். முகவர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தோர்க்கு 'வளைகுடா' என்பது கடற்பெயர் அன்று. சம்பளத்தின் பெயர், விசாவின் பெயர், கடிதம் வரும் திசையின் பெயர். அதில் பிழை காண்பதற்கில்லை. மக்கள் தம் துயரத்துக்கும் நம்பிக்கைக்கும் ஏற்பச் சொல்லை வளைத்துக்கொள்வர். ஆனால் அதன் விளைவு என்ன? இன்று நம் வீட்டுப் பிள்ளைகளிடம் வளைகுடா எங்கே உள்ளது என்று கேட்டால் துபாயைச் சொல்வர். நம் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஒரு குடா உண்டு என்பதை அறியார்.

மேடையில் உலவும் இரண்டு கதைகள்

நம் விழா மேடைகளில் இச்சொல்லைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. அவற்றையும் இங்கேயே தீர்த்துவிடல் நலம்.

முதற் கதை, பம்பாய் என்னும் பெயர் போர்த்துகீசிய மொழியில் 'நல்ல குடா' என்று பொருள்படும் என்பது. கேட்கச் சுவையாக உள்ளது, இலக்கணத்தில் நிற்கவில்லை. குடாவைக் குறிக்கும் 'பாயியா' அம்மொழியில் பெண்பாற் சொல். நல்லது என்பதற்கு ஆண்பாற் சொல்லாகிய 'போம்' அதனோடு சேராது. 'போவா' என்பதே சேரும். இத்தீவின் பெயர் கோலி மக்களின் தெய்வமாகிய மும்பாதேவியின் பெயரோடு இணைந்தது என்பதே ஏற்புடைத்து. 1995-இல் மும்பை என்ற பெயர் அதிகார முறையில் நிலைபெற்றது. இம்மண்ணின் மீனவப் பெருமக்கள் வழங்கிய பெயரை அயலவர்க்குப் பரிசளிக்க நாம் யார்?

இரண்டாம் கதை, குடா என்பதும் மேற்கு என்பதும் ஒன்றே. ஆகவே குடா என்றால் மேற்கடல் என்பது. சங்க நூல்கள் கீழ்க்கடலைக் குணகடல் என்றும் மேற்கடலைக் குடகடல் என்றும் வழங்கின என்பது மெய். ஆனால் குடகடல் வேறு, குடாக்கடல் வேறு. முன்னது திசை, பின்னது வடிவம். குடாவுக்கு மேற்கு என்பதே பொருளாயின் கிழக்குக் கரையில் பாசிக்குடா எவ்வாறு வந்தது? எழுத்தொன்று நீண்டதைக் கவனியாது பேசுவதால் வரும் பிழை இது. நாம் வாழ்வது குடகடலின் கரையில். அக்கடல் மாகிமில் ஒரு குடாவாக உள்ளே வந்திருக்கிறது. இரண்டு சொல்லும் நமக்கு வேண்டும்.

கழி முதலிய சுற்றம்

குடா தனியே நிற்கும் சொல் அன்று. அதற்குச் சுற்றம் உண்டு. ஓதம் ஏறும்போது கடல்நீர் குறுகிய வழியே நிலத்துக்குள் புகுந்து, வற்றும்போது வெளியேறும் இடம் கழி. உப்பு மிகுந்தது உப்பங்கழி. ஆறு கடலோடு கலக்குமிடம் கழிமுகம். மணல்திட்டு மறித்துக் கடலோரம் தேங்கிய நீர் காயல். காயல்பட்டினம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. மலையாளத்தாரும் அவ்வாறே வழங்குகின்றனர். ஈழத்தில் அதுவே களப்பு. மட்டக்களப்பு என்ற ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அது கடல்நீரேரி. சேற்றில் வேரூன்றி உப்புநீரில் வாழும் மரக்கூட்டம் கண்டல். கடலும் நிலமும் கலக்கும் முறைகளை இவ்வளவு நுணுக்கமாய்ப் பிரித்தறிந்த மொழிக்கு உரியவர் நாம்.

இன்று என்ன செய்கிறோம்? 'கிரீக்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டால் அகராதியைப் புரட்டி 'ஓடை' என்று எழுதிவிடுகிறோம். அமெரிக்க வழக்கில் அச்சொல் சிற்றோடையைக் குறிக்கும். பிரிட்டானிய வழக்கிலும் இந்திய அரசு ஏடுகளிலும் அது ஓதம் ஏறி இறங்கும் கழியைக் குறிக்கும். ஓடையில் மழைநீர் ஓடும். கழியில் கடல் வந்துபோகும். ஒன்றை மற்றொன்றாய் எழுதினால் கடலை அழித்துவிட்டோம் என்று பொருள்.

இது வெறும் சொற்போர் என்று எண்ணுவோர்க்கு ஒன்று கூறுவேன். 1991-இல் மத்திய அரசு வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, கடல், குடா, கழிமுகம், கழி, ஆறு, காயல் ஆகியவற்றின் கரைகளில் ஓதம் எட்டும் பகுதி யாவற்றையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. 2011-இன் அறிவிக்கையில் கழியின் கரையில் 100 மீட்டர் அல்லது அக்கழியின் அகலம், இவற்றுள் எது குறைவோ அதுவரை காப்பு இருந்தது; 2019-இல் அது 50 மீட்டராகக் குறைந்தது. கழி என்று வரைபடத்தில் குறித்தால் இக்காப்பு உண்டு. சாக்கடை என்றோ வெற்றிடம் என்றோ குறித்தால் இல்லை. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் அரசின் வரைபடத்தில் கழி காணாமற்போனது குறித்து 2017-இல் மீனவரும் அறிஞரும் எழுப்பிய குரலை நாம் செய்தித்தாளில் படித்தோம். நீர் அங்கேயேதான் இருந்தது. தாளில் மட்டும் இல்லை. பெயரை அழிப்பது எத்துணை எளிது, அதன்பின் பொருளை அழிப்பது அதனினும் எத்துணை எளிது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மித்தியும் மாகிமும்

இனி நம் வாயிலுக்கு வருவோம். மும்பை ஒருகாலத்தில் ஏழு தீவுகள். அவற்றுக்கிடையே ஓதம் ஏறி இறங்கியது. இடைநீரை அடைத்தும் மேடாக்கியும் ஒரே நிலமாக்கினர். மாகிமையும் பாந்திராவையும் இணைக்கும் கரைப்பாதை 1845-இல் திறக்கப்பட்டது. சயானைக் குர்லாவோடு இணைத்த பாதை அதற்கும் நாற்பது ஆண்டுகள் மூத்தது. தாராவி சதுப்பின் ஓரத்தே இருந்த கோலி மீனவர் குடியிருப்பு. தோல் பதனிடும் தொழிலுக்காகவும் பிறவற்றுக்காகவும் தெற்கிலிருந்து வந்த நம் முன்னோர் அச்சதுப்பைத் தூர்த்துத் தூர்த்து, குப்பையும் மண்ணும் இட்டு நிரப்பி, அதன்மேல் குடிசை போட்டனர். நம் வீடுகள் நிற்பது கழியின் மடியில்.

விகார், பவாய் ஏரிகளிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, விமான ஓடுபாதையின் அடியில் புகுந்து, குர்லாவையும் தாராவியையும் தொட்டு, மாகிம் கழி வழியே மாகிம் குடாவில் கலப்பது மித்தி ஆறு. 'மித்தி' என்றால் இனிமை. ஆயினும் 2005-க்கு முன் இந்நகரில் எத்தனை பேர் அதை ஆறு என்று அறிந்திருந்தனர்? மராத்தியரும் குஜராத்தியரும் நாமும் ஒருமித்து 'நாலா' என்றோம். நாலா என்றால் சாக்கடைக் கால்வாய். சாக்கடையில் எதையும் கொட்டலாம், அதன் கரையை எவ்வளவும் நெருக்கலாம். ஆலைக்கழிவைக் கொட்டினர், பழைய எண்ணெய்ப் பீப்பாய்களைக் கழுவி ஊற்றினர், கண்டற் காட்டையும் சேற்று நிலத்தையும் மேடாக்கி வானளாவும் அலுவலகங்கள் எழுப்பினர்.

2005 ஜூலை 26 அன்று கணக்குத் தீர்ந்தது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் கொலாபாவில் 100 மில்லிமீட்டர்கூட இல்லை. பிற்பகலில் ஓதம் ஏறியது. மேலிருந்து வந்த வெள்ளம் வெளியேற வழியின்றிக் கீழிருந்து ஏறிய கடலோடு மோதி நின்றது. அப்போது நான் இருபதுகளில் இருந்த இளைஞன். இடுப்பளவு நீரில் கயிற்றைப் பற்றிக்கொண்டு சயானிலிருந்து தாராவிக்கு நடந்த அவ்விரவை மறக்க இயலாது. அரிசிப் பானைகளும் பள்ளிப் புத்தகங்களும் மிதந்தன. 'சாக்கடை பெருகிவிட்டது' என்றே தெருவெங்கும் பேச்சு. சாக்கடை பெருகவில்லை; ஆறும் கடலும் தம் பழைய இடத்தைத் தேடி வந்தன. அடுத்த மாதமே அரசு ஒரு மேம்பாட்டு ஆணையத்தை அமைத்தது; அதன் பெயரில் 'மித்தி ஆறு' என்று எழுதினர். பல நூறு உயிர்களைப் பலிகொடுத்த பிறகே அதன் பெயர் நமக்கு நினைவுக்கு வந்தது.

அதே 2005-இல் மும்பை உயர்நீதிமன்றம் மாநிலமெங்கும் கண்டற்காடுகளை அழிப்பதற்குத் தடைவிதித்தது. 2018-இல் தன் இறுதித் தீர்ப்பால் அதனை உறுதிப்படுத்தியது. செம்பூர் அன்பர்கள் தம் பக்கத்தில் மாகுலுக்கு அப்பால் விரியும் தானே கழியை அறிவர். பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் அந்நீர் 2015-இல் சரணாலயம் ஆயிற்று. 2022-இல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் மதிக்கும் அதைக் குறிக்க நாம் வைத்திருக்கும் சொல் 'அந்தச் சேறு' என்பது.

எதிர்வாதங்கள்

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்பதை அறிவேன்.

'மராத்தி நாட்டில் வாழ்கிறோம். அவர்கள் காடி என்கின்றனர். நாமும் காடி என்றால் ஆகாதோ?' என்று கேட்பர். தாராளமாய் ஆகும். வாழும் மண்ணின் சொல்லை அறியாதவன் அங்கே விருந்தாளியாகவே இருப்பான். கோலி மீனவருக்குக் காடி என்பது படகும் வலையும் உணவும். ஆயின் மராத்தி மக்களின் நுட்பத்தையும் கவனிக்க. கழிக்குக் காடி, வளைகுடாவுக்கு ஆகாத், வங்காள விரிகுடா போன்ற பெருங்குடாவுக்கு உபசாகர் என்று மூன்றையும் அவர்கள் பேணுகின்றனர். அலுவலகத்தில் என் மேசைக்கு வரும் இந்தி ஏடுகளிலோ வங்காள விரிகுடாவும் காடி, மன்னார் வளைகுடாவும் காடி, அரபு நாடுகளும் காடி நாடுகள். நம் பிள்ளைகள் இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, எதற்கும் காடி என்கின்றனர். தமிழில் காடி என்பது புளித்த நீர் என்பதை நினைந்தால் சிரிப்பு வருகிறது; வேறொன்றும் இல்லை என்பதை நினைந்தால் வருத்தம் வருகிறது. மராத்தியர் தம் சொற்களைப் பேணுவதுபோல் நாமும் நம் சொற்களைப் பேணுவதே அவர்களிடமிருந்து கற்கவேண்டிய பாடம். இரண்டு மொழியின் சொல்லும் தெரிந்த பிள்ளைக்கு இவ்வூரில் இரண்டு மடங்கு உரிமை.

'பெயரை மாற்றினால் நாற்றம் போகுமா?' என்று கேட்பர். போகாது. கழி என்று சொன்ன அன்றே மீன் திரும்பி வராது. ஆனால் சாக்கடை நாறினால் எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. நாறுவது அதன் இயல்பு என்று விட்டுவிடுகின்றனர். கழி நாறினால், 'இதை நாறச் செய்தவர் யார்?' என்று ஒரு வினா எழும். அவ்வினா எழுவதற்கு இடந்தருவது பெயர். தாராவியை அடுத்து மித்தியின் கரையில் குப்பைமேடாய்க் கிடந்த இடத்தை மாற்றி 1994-இல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தனர். குப்பைமேடு என்ற பெயரையே முடிந்த முடிவாகக் கொண்டிருந்தால் அங்கே ஒரு மரமும் முளைத்திராது. தாராவியைப் புதிதாய்க் கட்டியெழுப்பும் பேச்சு நடந்துகொண்டிருக்கும் இக்காலத்தில், நம் வீடுகள் எங்கே அமையும் என்று கேட்கும் நாம், நம் நீர் எங்கே போகும் என்றும் கேட்டாக வேண்டும். பெயர் தெரியாத ஒன்றைப் பற்றி எவ்வாறு கேட்போம்?

செய்யத்தக்கன

பெரிய திட்டம் எதையும் நான் முன்வைக்கவில்லை. ஞாயிறு வகுப்பில் நெய்தல் திணையைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருமுறையேனும் பிள்ளைகளை மாகிம் கரைக்கு அழைத்துச் சென்று, பாந்திராவிலிருந்து வொர்லி வரை கரை வளைந்து நிற்பதைக் காட்டி, 'இது குடா' என்று கூறுக. 2009-இல் திறந்த கடற்பாலம் அக்குடாவின் வாயைக் கடந்து செல்வதையும் காட்டுக. பின் தாராவிப் பக்கம் திரும்பி, 'இது கழி; இதோ நிற்பது கண்டல்; ஓதம் ஏறும்போது இந்த மரத்தடி வரை நீர் வரும்' என்று கூறுக. அவ்வொரு நாள் ஓராண்டுப் பாடத்துக்கு ஈடாகும். மரைன் டிரைவின் மாலை விளக்குகளைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், 'ராணியின் கழுத்தணி' என்பதோடு நில்லாது, அவ்வணி கிடப்பது ஒரு குடாவின் கழுத்தில் என்பதையும் சொல்க. இந்நகரிலிருந்து தமிழில் செய்தி எழுதுவோர் 'கிரீக்' என்றும் 'ஓடை' என்றும் எழுதுவதை விடுத்துக் கழி என்று எழுதுக. நம் மலரிலும் அழைப்பிதழிலும் மாகிம் குடா, மாகிம் கழி, மித்தி ஆறு, தானே கழி என்று அச்சேறுக. விரிகுடாவா வளைகுடாவா என்ற ஐயம் வருமிடத்தில் குடா என்று மட்டும் எழுதுக. பாசிக்குடா மக்கள் அதற்கு வழிகாட்டியுள்ளனர்.

சொல் வளம் என்பது விழா நாளில் அணிந்து மறுநாள் பெட்டியில் வைக்கும் பட்டாடை அன்று. நாள்தோறும் உடுக்கும் உடை அது. உடுக்காத உடையைச் செல் அரிக்கும்.

சென்ற வாரம் மீண்டும் அப்பாலத்தைக் கடந்தோம். ஓதம் வற்றிய நேரம். சேற்றில் வெண்கொக்குகள் நின்றிருந்தன. மகள் என் முகத்தைப் பார்த்தாள். "கழி" என்றேன். அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் அருகிலிருந்த மராத்திச் சிறுமியிடம், "நீங்கள் காடி என்பதை நாங்கள் கழி என்போம்" என்று இந்தியில் விளக்கத் தொடங்கினாள். அன்று நான் கைக்குட்டையை எடுக்கவில்லை.